29 முறை ‘நோ’ சொன்ன அதிபர்: ஆண்ட்ரூ ஜான்சனின் வீட்டோ யுத்தம்

அமெரிக்க அதிபர்களிலேயே நாடாளுமன்றத்திடம் அதிகமுறை தோற்றவர் யார் தெரியுமா? 17-வது அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன். அவர் வீட்டோ செய்த மசோதாக்களில் 15-ஐ காங்கிரஸ் மீண்டும் நிறைவேற்றி சட்டமாக்கியது. இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனை அது!

தையல் கடையிலிருந்து வெள்ளை மாளிகைக்கு

1808-ல் வட கரோலினாவின் ராலே நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் ஜான்சன். மூன்று வயதில் அப்பாவை இழந்தார். பள்ளிக்கூடம் பக்கமே போனதில்லை. சிறுவயதிலேயே தையல் கடையில் வேலைக்கு விடப்பட்டு, அங்கிருந்து தப்பி ஓடியவர், டென்னசி மாநிலத்தின் கிரீன்வில்லில் சொந்தமாகக் கடை போட்டார். எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தது மனைவி எலைசாதான்.

மேயர், எம்.பி., ஆளுநர், செனட்டர் என்று படிப்படியாக உயர்ந்தார். 1861-ல் உள்நாட்டுப் போர் வெடித்தபோது, பிரிந்துபோன தென் மாநிலங்களின் செனட்டர்களில் பதவியை விடாமல் அமெரிக்காவோடு நின்றவர் இவர் ஒருவர்தான். அதனாலேயே, ஜனநாயகக் கட்சிக்காரராக இருந்தும், 1864 தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஆபிரகாம் லிங்கனோடு துணை அதிபர் வேட்பாளராக நிறுத்தப்பட்டார். 1865 ஏப்ரலில் லிங்கன் சுட்டுக்கொல்லப்பட, ஜான்சன் அதிபரானார். ஆனா காங்கிரஸோ குடியரசுக் கட்சியின் கையில்!

வீட்டோன்னா என்ன?

இரு அவைகளும் நிறைவேற்றிய மசோதாவை அதிபர் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பலாம். இதுதான் வீட்டோ. இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தால், அதிபர் தயவு இல்லாமலே அது சட்டமாகிவிடும். இன்னொரு வழியும் உண்டு. 10 நாள் அவகாசம் (ஞாயிறு நீங்கலாக) முடிவதற்குள் காங்கிரஸ் கலைந்துபோனால், அதிபர் கையெழுத்து போடாமல் சும்மா இருந்தாலே போதும், மசோதா காலி. இதற்குப் பெயர் பாக்கெட் வீட்டோ. ஜான்சனின் 29 வீட்டோக்களில் 8 இந்த ரகம்.

மோதல் எதற்காக?

அடிமைத்தளையிலிருந்து விடுபட்டிருந்த சுமார் 40 லட்சம் கறுப்பின மக்களின் எதிர்காலம்தான் பிரச்சினை. தென் மாநிலங்கள் புதுப்புது சட்டங்களால் அவர்களை மறுபடி முடக்கப் பார்த்தன. அவர்களுக்குக் குடியுரிமையும், ஒப்பந்தம் போடவும் சொத்து வாங்கவும் வழக்குத் தொடரவும் உரிமையும் தரும் மசோதாவை 1866-ல் காங்கிரஸ் நிறைவேற்றியது. ஜான்சன் வீட்டோ செய்தார். மாநில உரிமையில் மத்திய அரசு தலையிடுகிறது, தென் மாநிலங்களுக்கு காங்கிரஸில் இடமே இல்லாதபோது இப்படியொரு சட்டம் கூடாது என்பது அவர் வாதம். ஆனா, வெள்ளையர் ஆட்சியே நீடிக்கணும் என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. அவரே முன்பு அடிமைகளை வைத்திருந்தவர்தான்.

ஏப்ரல் 9-ம் தேதி அந்த வீட்டோவை காங்கிரஸ் முறியடித்தது. முக்கியமான ஒரு சட்டம் வீட்டோவை மீறி நிறைவேறியது அமெரிக்க வரலாற்றில் அதுவே முதல்முறை.

மக்களிடம் போனார், மாட்டிக்கொண்டார்

அந்த ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் ஜான்சன் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கூட்டத்தில் கத்தியவர்களோடு மல்லுக்கு நின்றதுதான் மிச்சம். குடியரசுக் கட்சி இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டியது. அதன்பிறகு வீட்டோ வெறும் காகிதமானது. தென் மாநிலங்களை ராணுவக் கட்டுப்பாட்டில் வைத்து, கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தரச்சொன்ன 1867-ம் ஆண்டு சட்டத்தையும் அவரால் தடுக்க முடியவில்லை.

செனட் சம்மதமின்றி முக்கிய அதிகாரிகளை நீக்கக்கூடாது என்று இன்னொரு சட்டம். இதுவும் வீட்டோவை மீறி வந்ததே. அதை மதிக்காமல் போர்த்துறை அமைச்சர் ஸ்டான்டனை ஜான்சன் நீக்க, 1868 பிப்ரவரியில் பதவிநீக்கத் தீர்மானம் பாய்ந்தது. செனட்டில் எதிராக 35, ஆதரவாக 19. ஒரே ஒரு வாக்கில் பதவி தப்பியது. காப்பாற்றியவர்களில் 7 பேர் குடியரசுக் கட்சியினர்! அவரை நீக்கப் பயன்பட்ட அந்தச் சட்டம் 1887-ல் ரத்தானது.

1875-ல் ஜான்சன் மீண்டும் செனட்டரானார். அதே ஆண்டு ஜூலை 31-ல் காலமானார். தேசியக் கொடி போர்த்தி, தலைக்குக் கீழே அரசியல் சாசனப் பிரதியை வைத்து அடக்கம் செய்தார்கள்.

அதே சாசனம் கொடுத்த அதிகாரத்தைத்தான் அவர் 29 முறை பயன்படுத்தினார். அவர் தடுக்க நினைத்த குடியுரிமையோ, 1868-ல் 14-வது திருத்தமாக அந்த சாசனத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. அரசியல் சாசனத் திருத்தத்தை எந்த அதிபராலும் வீட்டோ செய்ய முடியாது.