மேடையும் மௌனமும்

நுழையும்முன்

உடல் நோயுற்றால் உற்றாரும் ஊராரும் நலம் கேட்டு வருவர். உள்ளம் நோயுற்றால் அவர்களே குரலைத் தாழ்த்திப் பேசுவர். சிலர் விலகியும் செல்வர். அவ்வாறு அச்சத்தோடும் அறியாமையோடும் நோக்கப்படும் நோய்களுள் ஒன்று மனச்சிதைவு. உலகம் போற்றிய நடனக் கலைஞர் ஒருவர் அந்நோயோடு 31 ஆண்டுகள் வாழ்ந்தார். அவருடைய வாழ்க்கை, நோயை மட்டுமன்றி நோயுற்றவரையும் காணக் கற்பிக்கிறது.

பிறப்பும் பயிற்சியும்

வாஸ்லாவ் நிஜின்ஸ்கி 1889ஆம் ஆண்டு கீவ் நகரில் பிறந்தார். இன்று உக்ரைன் நாட்டின் தலைநகராக விளங்கும் அந்நகர் அன்று உருசியப் பேரரசின் பகுதியாக இருந்தது. பெற்றோர் இருவரும் போலந்து மரபினர். ஊர் ஊராகச் சென்று ஆடிய நடனக் கலைஞர்கள். அண்ணன் ஸ்தனிஸ்லாவ், தங்கை புரோனிஸ்லாவா ஆகியோருடன் நிஜின்ஸ்கி வளர்ந்தார். தந்தை குடும்பத்தைப் பிரிந்து சென்றபின், மூன்று குழந்தைகளையும் தாய் எலியனோரா தனியொருவராக வளர்த்தார். சிறுவயதில் சாளரத்திலிருந்து விழுந்த அண்ணன், பின்னர் மனநோயாளராக மருத்துவமனையில் வாழ நேர்ந்தது. அத்துயரம் அவ்வீட்டில் நெடுங்காலம் நிலைத்திருந்தது.

1898இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் பேரரசு நடனப் பள்ளியில் நிஜின்ஸ்கி சேர்க்கப்பட்டார். பேச்சில் தயக்கமும் பாடங்களில் பின்னடைவும் கொண்ட அச்சிறுவனை உடன்பயின்றோர் இகழ்ந்தனர். ஆனால், நடனக்கூடத்தில் அவனுக்கு நிகராக எவரும் இலர். தரையிலிருந்து எழும்பிய அவன் உடல் கீழிறங்க மறந்து காற்றில் நிற்பதுபோல் தோன்றியது. 1907இல் பயிற்சியை நிறைவுசெய்து, புகழ்பெற்ற மாரின்ஸ்கி அரங்கின் கலைஞரானார்.

புகழின் உச்சி

உருசியக் கலைகளை மேலை ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்லும் வேட்கை மிக்கவர் செர்கேய் தியாகிலெவ். அவர் அமைத்த பாலே நடனக்குழு 1909இல் பாரிசு நகரில் ஆடியது. அவ்வாண்டே நிஜின்ஸ்கியின் பெயர் அந்நகரெங்கும் பரவியது. 1911இல் ரோசா மலரின் ஆவியாக ஆடி, இறுதியில் சாளரத்தின் வழியே பாய்ந்து மறைந்த அவருடைய தாவல் நடன வரலாற்றில் நிலைத்துவிட்டது. அதே ஆண்டு, மனித உணர்வு பெற்றுத் துன்புறும் பெத்ருஷ்கா என்னும் பொம்மையாக ஆடியபோது, உயரத் தாவும் கலைஞர் என்று மட்டும் அவரை எண்ணியிருந்தோர் அவரது நடிப்பாற்றலையும் கண்டனர்.

ஆடுவதோடு அவர் அமையவில்லை. புதிய நடனங்களைப் படைக்கவும் தொடங்கினார். 1912இல் அவர் அமைத்த நடனம், பழங்காலக் கிரேக்கச் சிற்பங்களின் பக்கத் தோற்றத்தை மேடைக்குக் கொண்டுவந்தது. 1913 மே 29 அன்று, இகோர் ஸ்திராவின்ஸ்கியின் இசைக்கு அவர் அமைத்த ‘வசந்தத்தின் பலிச்சடங்கு’ பாரிசில் அரங்கேறியது. பாலேவின் மென்னடைக்கு மாறாக, உள்நோக்கித் திருப்பிய பாதங்களும் தரையை அதிர வைக்கும் குதிப்புகளும் அதில் இடம்பெற்றன. அவையில் கூச்சலும் பூசலும் எழுந்தன. இசை கலைஞர்களின் செவிக்கு எட்டவில்லை. நிஜின்ஸ்கி மேடையின் ஓரத்தில் நாற்காலிமீது ஏறி நின்று, தாளக்கணக்கை உரக்கக் கூவி ஆட்டத்தை நிறைவுவரை நடத்தினார். அன்று எள்ளப்பட்ட அப்படைப்பு இன்று நவீன நடனத்தின் முன்னோடிகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

அறுந்த ஆதரவுகள்

அதே ஆண்டு செப்டம்பரில், தென்னமெரிக்கப் பயணத்தின்போது, ரோமோலா என்னும் அங்கேரியப் பெண்ணை நிஜின்ஸ்கி புவெனஸ் ஐரிசில் மணந்தார். கடற்பயணத்துக்கு அஞ்சி உடன்செல்லாதிருந்த தியாகிலெவ் சினந்து, அவரைக் குழுவிலிருந்து நீக்கினார். ஊதியம், தங்குமிடம், நிகழ்ச்சி ஏற்பாடு ஆகிய அனைத்தையும் அதுவரை பிறர் கவனித்துவந்தனர். ஆடலையன்றி வேறொன்றும் அறியாத அவர், 1914இல் இலண்டனில் தாமே ஒரு குழுவை நடத்த முயன்று நோய்வாய்ப்பட்டார், ஒப்பந்தமும் முறிந்தது.

முதல் உலகப்போர் மூண்டபோது அவர் புடாபெஸ்ட் நகரில் இருந்தார். உருசியக் குடிமகன் என்பதால் பகைநாட்டவராகக் கருதப்பட்டு வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். அச்சிறையிலும் நடன அசைவுகளை எழுத்தில் குறிக்கும் முறையொன்றை உருவாக்க உழைத்தார். 1916இல் விடுதலை பெற்று அமெரிக்காவில் ஆடினார். ஆயினும், தமக்குத் தீங்கிழைக்க யாரோ சூழ்கின்றனர் என்னும் ஐயம் அவரிடம் வளரலாயிற்று. 1917இல் தென்னமெரிக்காவில் ஆடியதோடு அவருடைய பொதுமேடை வாழ்வு முடிவுற்றது.

பனிமலையில் ஒரு மாலை

மனைவியோடும் மகளோடும் நிஜின்ஸ்கி சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்சு என்னும் மலையூரில் குடியேறினார். அங்கே உறக்கம் குறைந்தது. கண்களைப் போன்ற வட்டங்களை இடைவிடாது வரைந்தார். திடீர்ச் சினமும் நீண்ட மௌனமும் மாறிமாறி வந்தன. வீட்டார் அஞ்சினர்.

1919 சனவரி 19 அன்று அவ்வூர் விடுதியொன்றில் விருந்தினர் முன் ஆட ஒப்பினார். அரங்கில் நாற்காலியொன்றில் அமர்ந்து, அவையினரை நெடுநேரம் உற்றுநோக்கியபடி அசையாதிருந்தார். பின்னர்த் துணிச்சுருள்களைத் தரையில் சிலுவை வடிவில் விரித்து, போரையும் அதில் மாண்டோரையும் பொருளாகக் கொண்டு ஆடினார். கண்டோர் அச்சமும் வியப்பும் ஒருங்கே எய்தினர். அவர் அவையின்முன் நடத்திய இறுதி நிகழ்ச்சி அதுவே.

அன்று தொடங்கி மார்ச்சு 4 வரை அவர் நாட்குறிப்பு எழுதினார். அதில் தம்மைக் கடவுள் என்கிறார். அடுத்து எளிய மனிதன் என்கிறார். ஏழைகளுக்காக வருந்துகிறார்; புலாலை வெறுக்கிறார்; போரைக் கண்டிக்கிறார். சொற்கள் பொருளை விட்டு ஒலியைப் பற்றிக்கொண்டு ஓடுகின்றன. தம்மைப் பற்றி மனைவியும் மருத்துவரும் அடுத்த அறையில் பேசுவதைக் கேட்டு, தாம் அடைத்து வைக்கப்படுவோமோ என நடுங்குகிறார். சிதையும் மனம் ஒன்று அச்சிதைவைத் தானே எழுதிவைத்தது அரிய நிகழ்வாகும். 1936இல் ரோமோலா பல பகுதிகளை நீக்கி அதை வெளியிட்டார். முழு வடிவம் 1990களில்தான் அச்சேறியது.

நோயும் அதன் பெயரும்

1919 மார்ச்சு மாதம் சூரிச்சு நகரில் நிஜின்ஸ்கியை ஆராய்ந்தவர் ஆய்கன் புளாய்லர். ‘ஸ்கிசோபிரினியா’ என்னும் பெயரை 1908இல் மருத்துவ உலகுக்கு வழங்கியவர் அவரே. பிளவு, மனம் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களால் ஆனது அப்பெயர். தமிழில் அது மனச்சிதைவு எனப்படுகிறது. ஒருவருக்குள் இருவர் வாழ்வர் என்பது அதன் பொருளன்று. எண்ணம், உணர்வு, செயல் ஆகியவற்றை ஒன்றாகப் பிணைத்திருக்கும் கட்டு தளர்வதையே புளாய்லர் பிளவு என்றார்.

இந்நோயுற்றோர்க்குப் பிறர் செவிக்கு எட்டாத குரல்கள் கேட்கலாம். தம்மை எவரோ கண்காணிப்பதாகவோ, தமக்குத் தனி ஆற்றல் உள்ளதாகவோ அசையாத நம்பிக்கை தோன்றலாம். அக்குரலும் அந்நம்பிக்கையும் அவர்களுக்கு முற்றிலும் உண்மையாகவே இருக்கும். ஆதலின் வாதிட்டு வெல்ல இயலாது. பேச்சு தொடர்பறும். மற்றொருபுறம், ஊக்கம் குன்றும். முகத்தில் உணர்ச்சி தோன்றாது. குளிப்பது, உண்பது போன்ற அன்றாடச் செயல்களும் சுமையாகும். இதைச் சோம்பல் எனக் கடிவது அறியாமை. பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளிலும் இந்நோய் தலைகாட்டுகிறது. மரபுவழிக் கூறுகள், மூளையின் இயக்கம், வாழ்வின் நெருக்கடிகள் எனப் பல காரணங்கள் ஒன்றுகூடியே இதனை உண்டாக்குகின்றன. பேயோ சாபமோ, தாயின் வளர்ப்போ இதற்குக் காரணமன்று.

நிஜின்ஸ்கியின் நோய் மனச்சிதைவுதானா, அதை ஒத்த பிறிதொன்றா எனப் பிற்கால மருத்துவர் சிலர் வினவியதுண்டு. எப்பெயரிட்டாலும் அவர் பட்ட துன்பம் ஒன்றே. நோய்தான் அவரை மேதையாக்கியது என்பாரும் உளர். அவர் அரங்கேற்றிய நடனங்கள் யாவும் 1919க்கு முற்பட்டவை. நோய் அவருக்குக் கலையைத் தரவில்லை. கலையை அவரிடமிருந்து பறித்தது.

மௌன ஆண்டுகள்

புளாய்லரைக் கண்டபின், நிஜின்ஸ்கி குரோய்ஸ்லிங்கன் ஊரில் லுட்விக் பின்ஸ்வாங்கர் நடத்திய மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பின்னர் வாழ்நாள் முழுவதும் மருத்துவமனையும் வீடுமாக மாறிமாறி வாழ்ந்தார். நாள்கணக்கில் பேசாதிருந்தார். கண்முன் நிற்பவரையும் காணாதவர்போல் இருந்தார். அவருள் இருந்த மனிதர் மறைந்துவிட்டார் எனப் பலரும் முடிவுசெய்தனர்.

அம்முடிவு தவறென்பதைச் சில நிகழ்வுகள் காட்டின. 1921இல் தாயும் தங்கையும் அவரை வியன்னா மருத்துவமனையில் கண்டனர். அவர் யாரையும் நோக்கவில்லை. அண்ணனைப் போலவே நடனம் அமைக்கும் கலைஞராகியிருந்த புரோனிஸ்லாவா, தாம் இரண்டு நடனங்களை அமைத்திருப்பதாகக் கூறினார். அவர் சட்டெனத் திரும்பி, நடனம் என்பது அமைக்கப்படுவதன்று, படைக்கப்படுவது எனத் தங்கையின் சொல்லைத் திருத்தினாராம். பின்னர் மீண்டும் மௌனத்துள் ஆழ்ந்தார். 1939இல், நடனக் கலைஞர் செர்ஜ் லிஃபார் அவர்முன் ஆடிக்காட்டியபோது, ஐம்பது வயதை எட்டிய நிஜின்ஸ்கி தாமும் எழும்பித் தாவினார். அத்தாவல் ஒளிப்படமாக இன்றும் உள்ளது.

மருத்துவம் அன்று செய்ய இயன்றது சிறிது. 1938 முதல் அவருக்கு இன்சுலின் அதிர்ச்சி மருத்துவம் அளிக்கப்பட்டது; இடர் மிகுந்த அம்முறை பின்னாளில் கைவிடப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மனநோயாளர்களின் உயிருக்கே இறுதி நெருங்கியது. நாசி ஆட்சியாளர் 1940, 1941 ஆகிய ஆண்டுகளில் மட்டும், மருத்துவமனைகளில் இருந்த 70,000-க்கும் மேற்பட்டோரை வாழத் தகுதியற்றோர் எனக் கூறிக் கொன்றனர். அக்கொடுங்காலத்தில் அங்கேரியில் இருந்த கணவரை ரோமோலா காத்தார். 1945இல் உருசியப் படைவீரர்கள் அவ்வூருக்கு வந்தனர். அவர்கள் பேசிய மொழியையும் பாடிய பாட்டையும் கேட்ட நிஜின்ஸ்கி அவர்களோடு பேசினார். ஆடவும் செய்தார் என ரோமோலா பதிவுசெய்துள்ளார். அவ்வீரர்கள் அவரைத் தம்முள் ஒருவராகவே ஏற்றனர்.

விடியலுக்கு முன்

நிஜின்ஸ்கி 1950 ஏப்ரல் 8 அன்று இலண்டனில் மறைந்தார். 1953இல் அவருடைய உடல் பாரிசின் மோன்மார்த்தர் கல்லறைத்தோட்டத்துக்கு மாற்றப்பட்டது. பெத்ருஷ்கா வடிவில் அமர்ந்த சிலையொன்று இன்று அங்கே உள்ளது.

அவர் மறைந்த இரண்டே ஆண்டுகளில், அவர் புகழ்பெற்ற அதே பாரிசு நகரில், குளோர்புரோமசின் என்னும் மருந்து மனநோயாளர்களுக்குப் பயன்படுவது கண்டறியப்பட்டது. குரல்களையும் மருட்சிகளையும் தணிக்கும் மருந்துகள் அதன்பின் பல வந்தன. இன்று உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவர் இந்நோயோடு வாழ்வதாக உலக நலவாழ்வு அமைப்பு கூறுகிறது. உரிய காலத்தில் மருத்துவம் தொடங்கி, குடும்பமும் சமூகமும் துணைநின்றால், அவர்களுள் பலர் படிக்கவும் பணியாற்றவும் இயலும். நிஜின்ஸ்கிக்கு அவ்வாய்ப்பு வாய்க்கவில்லை. எனினும், பேச்சு அற்றுப்போன காலத்திலும் அவருள் ஒரு கலைஞர் விழித்திருந்தார். தங்கையின் சொல்லும் வீரர்களின் பாட்டும் அவரை எட்டின. மௌனமாக இருப்பவரிடமும் மனிதராகவே பேசவேண்டும் என்பதை அவ்வாழ்க்கை உணர்த்துகிறது.

தெரிந்து தெளிவோம்

மனச்சிதைவுற்றோர் அனைவரும் பிறரைத் தாக்குவர் என்பது தவறான கருத்து. பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு செய்வதில்லை. பிறரால் துன்புறுத்தப்படும் நிலையிலேயே அவர்கள் மிகுதியாக உள்ளனர். ‘பைத்தியம்’ போன்ற சொற்களை வசையாகப் பயன்படுத்துவது, நோயுற்றோரையும் அவர்தம் குடும்பத்தாரையும் மருத்துவம் நாடவிடாமல் தடுக்கிறது.

கற்பவை கற்றபின்

1. நிஜின்ஸ்கி தம் தங்கையின் சொல்லைத் திருத்திய நிகழ்வு எதனை உணர்த்துகிறது? குழுவில் கலந்துரையாடுக.
2. உள்ளநோயைச் சுட்ட நாம் அன்றாடம் வழங்கும் சொற்களைத் தொகுத்து, அவற்றுள் புண்படுத்துவன எவை எனக் கண்டறிந்து, மாற்றுச் சொற்களை எழுதுக.
3. நோயிலிருந்து மீண்டு பள்ளிக்குத் திரும்பும் நண்பர் ஒருவரை எவ்வாறு வரவேற்பீர் என்பதை உரையாடலாக எழுதுக.