கூலிக்குக் கணக்குக் கேட்டவர்: பிரடெரிக் டக்ளஸ்

அமெரிக்க நாட்டின் மேரிலாந்து மாநிலத்தில் 1818ஆம் ஆண்டு அடிமைத் தாய் ஒருத்தியின் மகனாகப் பிறந்தவர் பிரடெரிக் டக்ளஸ். தாயார் ஹாரியட் பெய்லி தொலைவிலிருந்த வயலில் உழைத்தார். இரவில் நடந்துவந்து மகனைக் கண்டு, விடியுமுன் திரும்பிவிடுவார். அவ்வாறு வந்ததும் சில முறைகளே. தம் பிறந்த நாளை டக்ளஸ் அறிந்திலர். ஆனால் தமக்கு ஒரு விலை உண்டென்பதைச் சிறு வயதிலேயே அறிந்தார். உரிமையாளர் இறந்தபின் சொத்தைப் பிரிப்பதற்காகக் குதிரை, மாடு, பன்றிகளோடு மனிதரையும் வரிசையில் நிறுத்தி மதிப்பிட்டனர். அவ்வரிசையில் அவரும் நின்றார்.

அந்த விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. 1793இல் எலி விட்னி பருத்தியிலிருந்து விதை நீக்கும் பொறியை அமைத்தார். இங்கிலாந்தின் நூற்பாலைகளுக்கோ பஞ்சு எவ்வளவு வந்தாலும் போதவில்லை. 1790இல் சில ஆயிரம் பொதிகளாக இருந்த அமெரிக்கப் பருத்தி விளைச்சல் 1860இல் ஏறத்தாழ 40 இலட்சம் பொதிகளாயிற்று. அடிமைகளின் தொகையும் 40 இலட்சத்தை நெருங்கியது. நாட்டின் ஏற்றுமதி மதிப்பில் பாதிக்குமேல் பருத்தியே. புதிய ஆலைத்தொழிலின் வளர்ச்சியில் அடிமை உழைப்பின் பங்கு எவ்வளவு என்பது குறித்துப் பொருளியல் வரலாற்றாளரிடையே வாதம் ஓய்ந்தபாடில்லை. அந்த உழைப்பின் ஊதியம் யார் கைக்குப் போயிற்று என்பதற்கு டக்ளஸின் வாழ்க்கையே சான்று.

1826இல் பால்டிமோர் துறைமுக நகருக்கு, ஹியூ ஆல்டு என்பவரின் வீட்டுக்கு அவர் அனுப்பப்பட்டார். வீட்டம்மையார் சோபியா அவருக்கு எழுத்தறிவிக்கத் தொடங்கினார், கணவர் தடுத்தார். தடையே சிறுவனுக்குக் கல்வியின் பெருமையை உணர்த்திற்று. தெருவில் ஏழை வெள்ளைச் சிறுவருக்கு ரொட்டி கொடுத்துப் பாடம் பெற்றார். கப்பல் கட்டும் களத்தில், எந்தப் பக்கத்துக்கு உரியது என்று காட்ட மரத்துண்டுகளில் தச்சர் பொறித்த எழுத்துகளைப் பார்த்து எழுதப் பழகினார். பின்னாளில் உலகம் வியந்த எழுத்தாளருக்குக் கப்பல் மரங்களே ஏடாயின.

இடையில் சில ஆண்டுகள் நாட்டுப்புறப் பண்ணைகளில் சாட்டையடியும் பட்டினியும் கண்டு, 1836இல் மீண்டும் பால்டிமோர் வந்தார். பலகை இடுக்குகளில் சணல்நார் அடைத்துக் கீல் பூசும் கலப்பத்து வேலையைக் கற்றார். கறுப்பரின் உழைப்பால் தம் கூலி குறையும் என்றஞ்சிய வெள்ளைத் தொழிலாளர் நால்வர் அவரைக் கடுமையாகத் தாக்கினர். பலர் நின்று வேடிக்கை பார்த்தனர். அடிமை முதலாளி அடிமையையும் வெள்ளைத் தொழிலாளியையும் ஒருங்கே சுரண்டி, ஒருவர்மேல் ஒருவரை ஏவிவிடுகிறான் என்று பின்னர் அவர் விளக்கினார்.

தேர்ந்த தொழிலாளியாகி, நாளொன்றுக்கு ஒன்றரை டாலர் வரை ஈட்டினார். சனிக்கிழமை இரவு அத்தனையும் ஆல்டின் கைக்குச் சென்றது. ஆறு டாலர் கொடுத்த நாளில் ஆல்டு சில வேளை ஆறு செண்ட் திருப்பித் தருவார். அந்த ஆறு செண்ட், முழுக் கூலியும் தமக்குரியது என்பதற்கு ஆல்டே தந்த ஒப்புதல் என்று டக்ளஸ் கொண்டார். 1838 செப்டம்பர் 3 அன்று மாலுமி உடையில், இரவல் பெற்ற சான்றிதழுடன், இரயிலேறித் தப்பினார். அதற்குப் பொருளுதவி செய்த ஆன்னா மரே அவர்தம் மனைவியானார்.

இருவரும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்போர்டில் குடியேறினர். அங்கே நாதன் ஜான்சன் என்னும் நண்பர் அப்போது படித்துக்கொண்டிருந்த வால்டர் ஸ்காட்டின் காவியத்திலிருந்து டக்ளஸ் என்ற பெயரை எடுத்துத் தந்தார். கவிதை தந்த பெயரே நிலைத்தது. ஒரு வீட்டின் நிலக்கரியை வாரி உள்ளே கொட்டியதற்கு இரண்டு அரை டாலர் வெள்ளி நாணயங்கள் கைக்கு வந்தன. பறிப்பதற்கு எவரும் இல்லை. ஆயினும் அவ்விடத்து வெள்ளையர் அவரோடு சேர்ந்து கலப்பத்து வேலை செய்ய மறுத்தமையால், பாதிக் கூலிக்கு மூட்டை சுமந்து மரம் அறுத்தார்.

1841இல் நான்டக்கெட் தீவில் நிகழ்ந்த அடிமை ஒழிப்புக் கூட்டத்தில் அவர் பேசிய பேச்சு அவரை மேடைக்கு உரியவராக்கியது. 1845இல் தன்வரலாறு வெளிவந்தது. உண்மைப் பெயர்களுடன் எழுதியமையால் பிடிபடும் அபாயம் நேர, பிரிட்டன் சென்றார். ஸ்காட்லாந்தின் சுதந்திரத் திருச்சபை, அடிமை முதலாளிகளின் நன்கொடையும் கலந்த 3,000 பவுன் அளவிலான தொகையை அமெரிக்காவிலிருந்து பெற்றிருந்தது. அதனைத் திருப்பியனுப்ப வேண்டுமென ஊர் ஊராக முழங்கினார். பணம் திரும்பவில்லை, ஆனால் அதன் மூலம் எதுவென்று மக்கள் அறிந்தனர். 1846இல் ஆங்கில நண்பர்கள் 150 பவுன் கொடுத்து அவரை மீட்டனர். மனிதனுக்கு விலை கொடுப்பது கொள்கைக்கு முரண் எனத் தோழர் சிலர் குறைகூறினர். டக்ளஸ் அதனைக் கொள்ளையனுக்குக் கொடுத்த மீட்புப் பணமாகவே கருதினார்.

நாடு திரும்பி 1847இல் 'வடமீன்' இதழைத் தொடங்கினார். உள்நாட்டுப் போரில் கறுப்பர் படைக்கு ஆள் திரட்டினார். மைந்தர் இருவரையும் அனுப்பினார். வெள்ளை வீரருக்குத் திங்கள்தோறும் 13 டாலர், கறுப்பருக்கு உடைப்பிடித்தம் போக ஏழு டாலர் என்றிருந்தது. 1863இல் அதிபர் லிங்கனை நேரில் கண்டு இதனை முறையிட்டார். மறு ஆண்டு சமச் சம்பளத்துக்குச் சட்டம் வந்தது.

1865இல் அடிமைமுறை ஒழிந்தது, கணக்கு முடியவில்லை. விடுதலை பெற்றோருக்கான சேமிப்பு வங்கியின் தலைமையை 1874 மார்ச்சில் ஏற்றபோது, பொறுப்பாளர்களின் தவறான கடன்களால் அது உள்ளீடற்றுப் போயிருந்தது. அதை அறியாமல் தம் பணம் 10,000 டாலரைக் கடனாக ஈந்தார். சில மாதங்களில் வங்கி மூடப்பட்டது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் சேமிப்பு, ஏறத்தாழ 30 இலட்சம் டாலர், சிக்கியது. பலருக்கு முழுத்தொகை மீளவேயில்லை. நிலைமையை ஆராயாமல் தம் பெயரை அவ்வங்கிக்கு இரவல் தந்த பழி டக்ளஸைச் சேர்ந்தது. அவரும் அதை எண்ணி வருந்தினார். 1888இல் தென்மாநிலங்களைக் கண்டுவந்து, வாரக் குத்தகையிலும் கடைக்கடனிலும் சிக்கி உழவன் மீண்டும் கூலியை இழப்பதை வாஷிங்டனில் அம்பலப்படுத்தினார். பெற்றதாகச் சொல்லப்பட்ட விடுதலையே ஒரு மோசடி என இடித்துரைத்தார்.

1895 பிப்ரவரி 20 அன்று பகலில் பெண்ணுரிமை மாநாட்டில் கலந்துகொண்டு, மாலையில் வீட்டில் காலமானார். ஆலைகளும் கப்பல்களும் வங்கிகளும் பெருகிய நூற்றாண்டில், அப்பெருக்கத்தின் பேரேட்டில் எழுதப்படாத வரவைச் சொல்லால் எழுதிவைத்தவர் அவர். கப்பல் மரத்தில் கற்ற எழுத்து அதற்குப் போதுமானதாயிருந்தது.