திராட்சைக் கொடியின் மருத்துவர் மில்லார்டே

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்போர் அனைவருக்கும் ‘போர்டோ கலவை’ தெரியும். மயில்துத்தத்தையும் சுட்ட சுண்ணாம்பையும் தனித்தனியே நீரில் கரைத்துச் சேர்த்தால், வான நிறத்தில் ஒரு கலவை கிடைக்கும். அதில் ஓர் இரும்புக் கத்தியை நனைத்துப் பார்ப்பார்கள். கத்தியில் செம்புப் படிவு தோன்றினால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும் என்று பொருள். இக்கலவையை உலகிற்கு அளித்தவரின் பெயர்தான் பலருக்கும் தெரியாது. தோழியரே, அவருடைய வாழ்க்கையைச் சற்றுப் பார்ப்போமா?

பியேர் மரி அலெக்சி மில்லார்டே 1838-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள், பிரான்சு நாட்டின் ஜுரா பகுதியில் ஒரு சிற்றூரில் பிறந்தார். ஜெர்மனியின் ஹைடல்பர்க், ஃபிரைபுர்க் பல்கலைக்கழகங்களில் தாவரவியல் பயின்றார். பின்பு ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஆசிரியப் பணி ஏற்றார். 1870-இல் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போர் மூண்டது. போரின் முடிவில் ஸ்ட்ராஸ்பர்க் ஜெர்மனியின் வசமாயிற்று. மில்லார்டே நான்சி நகருக்குச் சென்று பணியாற்றி, 1876-இல் போர்தோ நகரில் தாவரவியல் பேராசிரியரானார்.

அவர் அங்கு வந்த காலம் பொல்லாத காலம். அமெரிக்காவிலிருந்து வந்த கொடிகளோடு ‘ஃபிலாக்ஸெரா’ என்னும் கண்ணுக்கு அரிதாய்த் தெரியும் சிறு பூச்சியும் பிரான்சுக்குள் புகுந்திருந்தது. அது வேர்களை உறிஞ்சிக் கொடிகளைக் கொன்றது. 1875-இல் சுமார் 840 கோடி லிட்டராக இருந்த பிரான்சின் திராட்சை இரச உற்பத்தி, 1889-இல் 230 கோடி லிட்டர் அளவுக்கு வீழ்ந்தது. கொடியை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் ஊரை விட்டே வெளியேறின.

எந்த நாட்டிலிருந்து கேடு வந்ததோ, அந்த நாட்டின் காட்டுக் கொடிகள் மட்டும் அப்பூச்சியைத் தாங்கி நின்றன. ஆகவே அமெரிக்கக் கொடியை வேராகவும் பிரெஞ்சுக் கொடியைத் தண்டாகவும் வைத்து ஒட்டுக் கட்டுவதே வழி என்று அறிஞர் சிலர் கண்டனர். அவர்களுள் மில்லார்டே முன்னணியில் நின்றார். சார்ல் தெ கிராசே என்னும் பிரபுவுடன் சேர்ந்து புதிய வேர்க்கொடிகளை உருவாக்கினார். அவற்றுள் ஒன்று, ‘ஷாஸ்லா’ என்னும் வெள்ளைத் திராட்சையையும் அமெரிக்கக் காட்டுக் கொடி ஒன்றையும் கலந்து பெற்றது. அது சுண்ணாம்பு மிகுந்த மண்ணையும் தாங்கி வளர்ந்தது. அதனால் வெள்ளை இரசத்துக்குப் பெயர் பெற்ற ஷாம்பெய்ன் பகுதியில் நன்கு பயன்பட்டது.

ஆனால் ஒரு துன்பம் தீருமுன் மற்றொன்று வந்தது. 1878-இல் அடிச்சாம்பல் நோய் பிரான்சில் காணப்பட்டது. இதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததே! ஈரமான இலையில் நோயின் விதைத்துகள் விழும். அதிலிருந்து வெளிவரும் நுண்ணுயிர்கள் நீரில் நீந்தி, இலையின் அடிப்பக்கத் துளைகள் வழியே உள்ளே நுழையும். இலை காய்ந்து உதிரும். பழம் இனிப்பேறாமல் கெடும்.

1882-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், மேதோக் பகுதியின் சேன் ஜூலியன் என்னும் ஊர் வழியாக மில்லார்டே சென்றார். தோட்டங்களெங்கும் கொடிகள் இலையிழந்து நின்றன. ஆனால் சாலையோர வரிசைகளில் மட்டும் இலைகள் செழித்திருந்தன. அவற்றின்மீது நீலப் பூச்சு ஒன்று படிந்திருந்தது. மில்லார்டே காரணம் விசாரித்தார். வழிப்போக்கர் பழங்களைப் பறித்துச் செல்லாதிருக்க, நஞ்சு போல் தோன்றும்படி மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிப்பது அவ்வூர் வழக்கம் என்று தெரிந்தது. திருடரை விரட்டப் பூசியது நோயையும் விரட்டியிருந்தது!

அச்சாலையில் தினமும் எத்தனையோ பேர் போய் வந்தனர். பச்சை இலையை எல்லாரும் பார்த்திருப்பர். ஏன் பச்சையாக இருக்கிறது என்று கேட்டவரோ மில்லார்டே. அவர் அத்துடன் நிற்கவுமில்லை. வேதியியல் பேராசிரியர் யூலிஸ் கயோனின் துணையுடன் ஆய்வுக்கூடத்திலும் தோட்டங்களிலும் சோதனைகள் நடத்தினார். மிகச் சிறிதளவு செம்பும் அந்த நுண்ணுயிர்களைக் கொல்லும் என்று கண்டார். மயில்துத்தம் தனியே தெளித்தால் இலை கருகும்; சுண்ணாம்பு அக்கடுமையைத் தணித்து, மருந்தை இலையில் ஒட்டவும் வைக்கும். நோய் உள்ளே புகுந்த பின் இம்மருந்து பயன் தராது. வருமுன் காப்பதே இதன் வேலை. 1885-இல் முடிவுகளை அவர் வெளியிட்டார். 8 கிலோ மயில்துத்தம், 15 கிலோ சுண்ணாம்பு, 130 லிட்டர் நீர் என்பது அவருடைய முதல் அளவு. இன்று நம் உழவர் 100 லிட்டர் நீருக்கு இரண்டிலும் ஒவ்வொரு கிலோவே சேர்க்கின்றனர்.

இம்மருந்து உருளைக்கிழங்கின் கருகல் நோயையும் தடுத்தது. 1845-இல் தொடங்கிய அந்நோயால் அயர்லாந்தில் ஏறக்குறைய பத்து லட்சம் மக்கள் பசியாலும் பிணியாலும் மாண்டனர். நாற்பது ஆண்டுகள் முன்னரே இக்கலவை தெரிந்திருந்தால் எத்தனை உயிர்கள் பிழைத்திருக்கும்!

1899 வரை பேராசிரியராகப் பணியாற்றிய மில்லார்டே, 1902-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் போர்தோவில் மறைந்தார்.

அவர் தந்த மருந்துக்கும் ஒரு குறை உண்டு. ஆண்டுதோறும் தெளிக்கும் செம்பு மண்ணில் தங்கி, மண்புழு முதலிய உயிர்களுக்குத் தீங்காகிறது. ஐரோப்பிய நாடுகள் 2019 முதல், ஒரு ஹெக்டேருக்கு ஏழாண்டுகளில் 28 கிலோ செம்புக்கு மேல் கூடாது என்று வரையறுத்துள்ளன. ஆகவே நோயைத் தானே எதிர்க்கும் கொடிகளை வளர்க்கும் முயற்சி வலுப்பெற்று வருகிறது. மில்லார்டே பயின்ற ஃபிரைபுர்க் நகரிலேயே 1975-இல் ‘சோலாரிஸ்’ என்னும் வெள்ளைத் திராட்சை உருவாக்கப்பட்டது. ஆசியக் காட்டுக் கொடி ஒன்றின் எதிர்ப்புச் சக்தியைப் பெற்ற அது, அடிச்சாம்பல் நோயை நன்கு தாங்குகிறது; டென்மார்க் போன்ற குளிர்நாடுகளிலும் விளைகிறது. காட்டுக் கொடியின் வலிமையைத் தோட்டக் கொடிக்குத் தருவது மில்லார்டே நடந்த அதே பாதைதான்.

தோழியரே, விலையுயர்ந்த கருவிகள் இருந்தால்தான் அறிவியல் வளரும் என்று எண்ண வேண்டா. நாள்தோறும் நடக்கும் வழியில் ஓர் இலை வேறாய்த் தெரிந்தால், நின்று பார்ப்போம். ஏன் என்று கேட்போம். விடை கிடைக்கும் வரை உழைப்போம்.