ஆலைக்கு ஞாயிறு லீவு வாங்கித் தந்த சிவா

சேலத்திலிருந்து தருமபுரிக்குப் போகும் சாலையில் இருக்கிறது அதியமான்கோட்டை. தேய்பிறை அஷ்டமி வந்தால் அங்குள்ள கால பைரவர் கோவிலில் கூட்டம் அலைமோதும். தேங்காய்க் கடை, பூக்கடை, டீக்கடை எல்லாவற்றிலும் வியாபாரம் பறக்கும். கடைப் பையன்களுக்கு உட்கார நேரம் இராது.

அப்படி உழைத்தவனுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டா? அந்த நாளுக்குக் கூலி பிடிக்கலாமா?

இந்தக் கேள்விக்காக ஊரையே கிளப்பிவிட்ட ஒருவர், தருமபுரிக்கு அப்பால் உள்ள பாப்பாரப்பட்டியில்தான் கண்ணை மூடினார். அவர் பெயர் சுப்பிரமணிய சிவா.

வத்தலக்குண்டுப் பிள்ளை

சிவா பிறந்தது மதுரைச் சீமையில் உள்ள வத்தலக்குண்டில். ஆண்டு 1884, அக்டோபர் 4. ஏழைக் குடும்பம். ஓர் இடத்தில் நிலையாக இருக்கும் சுபாவம் அவருக்கு இல்லை. ஊர் ஊராகப் போனார். மேடை கிடைத்த இடத்தில் எல்லாம் பேசினார்.

1908-ம் ஆண்டு தொடக்கத்தில் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 23. அங்கே வ.உ.சிதம்பரம் பிள்ளை வெள்ளையருக்குப் போட்டியாகக் கப்பல் ஓட்டிக்கொண்டிருந்தார். இருவரும் ஒன்று சேர்ந்தார்கள். மாலை ஆனால் கடற்கரையில் கூட்டம். ஆயிரக்கணக்கில் ஜனங்கள் வந்தார்கள்.

வந்தவர்களில் பலர் கோரல் ஆலைத் தொழிலாளிகள். ஹார்வி என்ற வெள்ளையர் கம்பெனியின் நூல் ஆலை அது. விடிவதற்கு முன் உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வெளியே வரலாம். கூலியோ சொற்பம். லீவு என்ற பேச்சே இல்லை.

சட்டம் இருந்தது!

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். லீவு கொடுக்கச் சட்டமே இல்லாத காலம் அல்ல அது.

1891-ம் ஆண்டிலேயே வெள்ளையர் அரசாங்கம் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியிருந்தது. ஆலைத் தொழிலாளிக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை தரவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. பெண்களுக்கு ஒரு நாளைக்கு 11 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. 9 வயது ஆகாத பிள்ளையை வேலைக்கு வைக்கவே கூடாது. ஆண்களுக்கு மட்டும் நேரக் கணக்கு எதுவும் இல்லை.

சட்டம் வந்து 17 வருஷம் ஆயிற்று. ஆனாலும் 1908-ல் கோரல் ஆலைத் தொழிலாளிகள் வைத்த கோரிக்கைகளில் வார விடுமுறையும் ஒன்று! காகிதத்தில் இருந்தது ஆலை வாசலுக்கு வந்து சேரவில்லை.

பிப்ரவரி 27-ந் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. வ.உ.சி.யும் சிவாவும் தினமும் கூட்டம் போட்டார்கள். வேலையில்லாமல் நின்றவர்களுக்கு ஊரார் சோறு போட்டார்கள். ஆலைக்காரர் பக்கம் பேசிய ஒரு வக்கீலுக்கு நாவிதர் சவரம் செய்ய மறுத்துவிட்டார் என்றும் சொல்வார்கள்.

மார்ச் முதல் வாரத்தில் முதலாளிகள் இறங்கி வந்தார்கள். கூலி உயர்ந்தது. வேலை நேரம் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கிடைத்தது.

சிறை

சந்தோஷம் ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. மார்ச் 12-ந் தேதி இருவரையும் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு உயிர்கள் போயின. லீவு வாங்கிய தொழிலாளிகள், இப்போது தலைவர்களுக்காக மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள்.

ராஜத் துரோகக் குற்றம் சாட்டி, சிவாவுக்குப் பத்து ஆண்டு தண்டனை விதித்தார்கள். அப்பீலில் அது ஆறாகக் குறைந்தது. திருச்சி, சேலம் சிறைகளில் கடும் உழைப்பு. உள்ளே இருந்தபோதே தொழுநோய் பற்றிக்கொண்டது. 1912 நவம்பரில் வெளியே வந்தபோது அவர் பழைய சிவா அல்ல. ஆனாலும் சும்மா இருக்கவில்லை. "ஞானபானு" என்ற பத்திரிகையை நடத்தினார்.

கடைக்காரர் கவனத்துக்கு

அன்று ஆலைக்கு மட்டும் இருந்த விதி, பிறகு சின்னக் கடைக்கும் வந்தது. 1947-ல் சென்னை மாகாணத்தில் கடைகள், நிறுவனங்கள் சட்டம் பிறந்தது. இன்று தமிழ்நாட்டுச் சட்டமாக இருப்பதும் அதுவே.

கடையில் வேலை செய்பவருக்கு வாரம் ஒரு முழு நாள் விடுமுறை தரவேண்டும் என்கிறது அது. அந்த நாளுக்குக் கூலி பிடிக்கக் கூடாது. வேலை நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். அதற்கு மேல் வேலை வாங்கினால், அந்த நேரத்துக்கு இரட்டைக் கூலி. திருவிழாக் கூட்டம், அஷ்டமிக் கூட்டம் என்று சொல்லி நீட்டுகிற வேலைக்கும் இதே கணக்குத்தான். ஒரு வருஷம் வேலை பார்த்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள் லீவு உண்டு. ஆறு மாதம் வேலை பார்த்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத நோட்டீசும் இல்லாமல் நிறுத்த முடியாது. நோட்டீசுக்குப் பதில் ஒரு மாதச் சம்பளம் கொடுக்கலாம்.

2021-ல் இன்னொரு விதியும் சேர்ந்தது. கடையில் வேலை செய்பவர் உட்கார இருக்கை போடவேண்டும். ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்று கால் வீங்கிய பெண்கள் பல வருஷம் கேட்டு வாங்கியது இது.

பாப்பாரப்பட்டி

நோயைக் காரணம் காட்டி, சிவா ரயிலில் ஏறுவதற்குத் தடை போட்டார்கள். அவர் அதற்காக வீட்டில் முடங்கவில்லை. கால்நடையாகவே ஊர் ஊராகப் போனார். புண்களில் துணியைச் சுற்றிக்கொண்டு பேசினார்.

நண்பர்கள் உதவியால் பாப்பாரப்பட்டியில் நிலம் வாங்கி, பாரத ஆசிரமம் அமைத்தார். பாரத மாதாவுக்கு அங்கே கோவில் கட்டவேண்டும் என்பது அவர் ஆசை. 1923-ல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். பணத்துக்காகச் சிவா ஊர் ஊராக அலைந்தார். கோவில் எழவில்லை.

1925 ஜூலை 23-ந் தேதி அவர் உயிர் பிரிந்தது. வயது நாற்பதுதான். அவருக்கு அங்கே மணிமண்டபம் இருக்கிறது. அவர் ஆசைப்பட்ட பாரத மாதா நினைவாலயம், 2021-ல்தான் திறக்கப்பட்டது.