இடக்கைச் சிறுவன்

சென்ற குளிர்கால விடுமுறையில் ஊருக்குப் போக இயலாத நாங்கள் சிலர், பல்கலைக் கழகக் குடியிருப்பில் வாழும் ஊழியர்களின் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் சாப்ட்பால் சொல்லிக் கொடுத்தோம். சங்கத்து நண்பர்கள் சிலருக்கு அது நினைவிருக்கும். எங்களிடம் இருந்தவை ஆறு கையுறைகள். ஆறும் இடக்கையில் மாட்டுபவை. அதாவது, வலக்கையால் எறிபவர்களுக்காகச் செய்யப்பட்டவை. வந்த சிறுவர்களுள் ஒருவன் இடக்கைப் பழக்கம் உடையவன். அவனுக்கேற்ற உறை இல்லை. ஆகவே, வலக்கையாலேயே எறிந்து பழகு தம்பி என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் முயன்று பார்த்தான். மூன்றாம் நாள் வரவில்லை. அதை நான் பெரிதாக எண்ணவும் இல்லை. பேப் ரூத்தின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் நான் செய்த தவறு எனக்கு உறைத்தது. அவ்வாழ்க்கையை இங்கே சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

பேப் ரூத் ஆடியது பேஸ்பால். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு அது சற்று அந்நியமான ஆட்டம். இதிலும் ஒருவர் பந்தை எறிய, மற்றவர் அடிக்கிறார். ஆனால் மட்டை உருண்டையானது. மைதானத்தில் சதுரமாக நான்கு தளங்கள் உண்டு. ஒரு தளத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 90 அடி. அடித்தவர் நான்கையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். பந்தை எல்லைக்கு அப்பால் பறக்கவிட்டால், அவசரமின்றிச் சுற்றி வரலாம். அதற்கு ஹோம் ரன் என்று பெயர். எறிபவர் பிட்சர், அடிப்பவருக்குப் பின்னே குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர் கேட்சர். சாப்ட்பால் இதன் தங்கை. 1887-இல் சிகாகோவில் ஒரு கட்டடத்துக்குள் பிறந்த ஆட்டம் அது. பந்து பெரிது; மைதானம் சிறிது; பிட்சர் கையைத் தாழ்த்தி வீச வேண்டும்.

அமெரிக்காவின் கிழக்கே உள்ள துறைமுக நகரம் பால்டிமோர். அங்கே 1895-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் ஜார்ஜ் ஹெர்மன் ரூத் பிறந்தார். தந்தை மதுக்கடை நடத்தியவர். பிறந்த எட்டுக் குழந்தைகளுள் பிழைத்தவை இரண்டே: ரூத்தும் ஒரு தங்கையும். கடையில் ஓயாத வேலை. பிள்ளையைக் கவனிக்க ஆளில்லை. சிறுவன் பள்ளிக்குப் போகாமல் துறைமுகத் தெருக்களில் சுற்றினான், புகையிலை மென்றான். 1902-ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஏழு வயதுப் பாலகனைப் பெற்றோர் செயின்ட் மேரி தொழிற்பள்ளியில் கொண்டுபோய் விட்டனர். அனாதைகளும் அடங்காப் பிள்ளைகளும் ஏறத்தாழ 800 பேர் வாழ்ந்த இடம் அது. கத்தோலிக்கத் துறவிகளான சவேரியச் சகோதரர்கள் அதை நடத்தி வந்தனர். இடையிடையே வீடு திரும்பியது போக, அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதி அங்கேதான் கழிந்தது. சட்டை தைக்கும் தொழிலை அவன் கற்றுக்கொண்டான். பெற்றோர் வந்து பார்த்தது அரிது.

அப்பள்ளியில் ஒழுங்கைக் கவனித்து வந்தவர் சகோதரர் மத்தியாஸ். கனடா நாட்டிலிருந்து வந்தவர். ஆறடிக்கும் மேல் ஓங்கி வளர்ந்த மனிதர். மாலையில் அவர் மைதானத்துக்கு வருவார். ஒரு கையால் பந்தைத் தூக்கிப் போட்டு, மற்றக் கையிலுள்ள மட்டையால் வானளாவ அடிப்பார். பிள்ளைகள் வாய் பிளந்து நிற்பர். ரூத்தும் அப்படி நின்றவன்தான். முரட்டுப் பிள்ளை என்று பலரும் ஒதுக்கிய அவனை மத்தியாஸ் தம் பக்கம் அழைத்துக்கொண்டார். எழுதப் படிக்கத் துணை புரிந்தார். மணிக்கணக்காகப் பந்து அடித்துப் பிடிக்கப் பழக்கினார். அவர் நடக்கும் நடை, மட்டையைக் கீழிருந்து மேலாக வீசும் வீச்சு ஆகியவைகூட மாணவனிடம் அப்படியே படிந்துவிட்டன.

இனி, என் நெஞ்சைத் தொட்ட செய்திக்கு வருகிறேன். பள்ளியில் ரூத் கேட்சராக நின்றான். அவன் இடக்கையால் எறிபவன். இருந்த உறையோ இடக்கையில் மாட்டுவது. அறுநூறு, எழுநூறு பிள்ளைகள் ஆடும் இடத்தில் ஒருவனுக்காகத் தனி உறைக்கு எங்கே போவது? அவன் ஒரு வழி கண்டான். உறையணிந்த இடக்கையால் பந்தைப் பிடிப்பான். நொடியில் உறையைக் கழற்றிவிட்டு, அதே இடக்கையால் பந்தை எடுத்து எறிவான். எறிய வேண்டிய ஒவ்வொரு முறையும் இந்த இரட்டை வேலை. எழுதுவதற்கு மட்டும் அவனுக்கு வலக்கையையே பழக்கினார்கள். வாழ்நாள் முழுதும் வலக்கையால்தான் எழுதினார். ஆனால் ஆட்டத்தில் அவன் கையை யாரும் மாற்றவில்லை. உறை தவறாக இருந்தது. கை தவறு என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஒரு நாள் அவனது அணியின் பிட்சர் எறிந்த பந்தெல்லாம் அடிபட்டுப் பறந்தது. அதைக் கண்டு ரூத் கேலியாகச் சிரித்தானாம். மத்தியாஸ் கோபிக்கவில்லை, அவ்வளவு எளிதென்றால் நீயே எறிந்து பார் என்று பந்தை அவன் கையில் கொடுத்துவிட்டார். தண்டனையாகத் தொடங்கிய அதுவே தொழிலாயிற்று. இடக்கையின் வேகம் அன்றுதான் வெளிப்பட்டது.

1914 பிப்ரவரியில் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் உரிமையாளர் ஜாக் டன், ஆண்டுக்கு 600 டாலர் சம்பளம் பேசி அவரை அழைத்துச் சென்றார். பத்தொன்பது வயது இளைஞரைப் பள்ளி வெளியே விட வேண்டுமானால், டன் அவருக்குச் சட்டப்படி காப்பாளராக வேண்டியிருந்தது. டன்னின் குழந்தை என்று மற்ற ஆட்டக்காரர்கள் கேலி செய்ய, பேப் என்ற பெயர் நிலைத்துவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் பாஸ்டன் அணி அவரை விலைக்கு வாங்கியது. 1916, 1918-ஆம் ஆண்டுகளின் உலகத் தொடர் ஆட்டங்களில், எதிரணிக்கு ஓட்டமே கொடாமல் தொடர்ந்து இருபத்தொன்பதே முக்கால் இன்னிங்சுக்கு ஏறத்தாழ எறிந்தார். அச்சாதனையை 1961 வரை யாரும் மிஞ்சவில்லை.

பின்னர் அவர் மட்டையைப் பிடித்தார். 40 அவுன்சுக்கு மேற்பட்ட கனமான மட்டை. 1919-இல் 29 ஹோம் ரன்கள் அடித்தார். அடுத்த ஆண்டு நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு மாறி 54 அடித்தார். அமெரிக்க லீகில் அவ்வாண்டு வேறெந்த அணியும் தன் ஆட்கள் அனைவரும் சேர்ந்தும் அத்தனை அடிக்கவில்லை. 1927-இல் 60. வாழ்நாள் மொத்தம் 714. அதை 1974-இல்தான் ஹாங்க் ஆரன் கடந்தார்.

பேப் ரூத்தைக் குறையற்றவர் என்று நான் சொல்ல வரவில்லை. தின்பதிலும் குடிப்பதிலும் ஊர் சுற்றுவதிலும் அளவறியாதவர். 1925-இல் அணி மேலாளர் மில்லர் ஹக்கின்ஸ் அவருக்கு 5000 டாலர் அபராதம் விதித்து, ஆட்டத்திலிருந்தும் சில நாள் விலக்கி வைத்தார். யாங்கீஸ் அணிக்கே மேலாளராக வேண்டும் என்ற அவருடைய ஆசை கடைசிவரை நிறைவேறவில்லை. தம்மையே அடக்கத் தெரியாதவர் பிறரை எப்படி நடத்துவார் என்று பலர் ஐயுற்றனர்.

ஆனால் வந்த வழியை அவர் மறக்கவில்லை. 1919-இல் செயின்ட் மேரி பள்ளி தீக்கிரையாயிற்று. அடுத்த ஆண்டு அப்பள்ளிச் சிறுவர்களின் வாத்தியக் குழுவை யாங்கீஸ் அணியுடன் ஊர் ஊராக அழைத்துச் சென்று நிதி திரட்டினார். மத்தியாசுக்குக் காடிலாக் கார் ஒன்று பரிசளித்தார். 1947-இல், நோயுற்ற நிலையிலும், இளைஞர்களுக்கான அமெரிக்கன் லீஜன் பேஸ்பால் திட்டத்தின் ஆலோசகராக ஊர்களுக்குச் சென்றார். 1948 ஆகஸ்டு 16-ஆம் நாள், புற்றுநோயால் தம் 53-ஆம் வயதில் மறைந்தார்.

அவர் காலத்திலேயே குழந்தைகளின் ஆட்டம் மாறத் தொடங்கியிருந்தது. 1939-இல் பென்சில்வேனியாவிலுள்ள வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் சிறுவர்களுக்காக லிட்டில் லீகைத் தொடங்கினார். 90 அடித் தூரத்தை 60 அடியாகக் குறைத்தார். குழந்தையை ஆட்டத்துக்கேற்ப இழுக்காமல், ஆட்டத்தையே குழந்தைக்கேற்பச் சுருக்கினார். 1974-இல் சிறுமியருக்கும் அதில் இடம் கிடைத்தது, சாப்ட்பாலும் சேர்ந்தது. 1951-இல் நியூஜெர்சியில் சற்று மூத்த பிள்ளைகளுக்காகத் தோன்றிய இன்னொரு லீக், பின்னர் பேப் ரூத்தின் பெயரையே தாங்கிக்கொண்டது.

நண்பர்களே! மத்தியாசிடம் சரியான உறை இல்லை, என்னிடமும் இல்லை. அவர் கையை விட்டுவைத்தார். நான் கையை மாற்றச் சொன்னேன். வேறுபாடு அவ்வளவே. என்னிடம் வந்த சிறுவன் இன்னொரு ரூத் ஆகியிருப்பான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவன் மூன்றாம் நாளும் வந்திருப்பான்.

இதைப் படித்த பிறகு, நாங்கள் எட்டுப் பேர் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, வலக்கையில் மாட்டும் உறை ஒன்று வாங்கினோம். அதை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. அவன் தந்தைக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டதாக அண்டை வீட்டார் சொன்னார்கள்.

அந்த உறை இப்போது சங்க அறை அலமாரியில், மற்ற ஆறின் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த ஆண்டு நான் இங்கே இருக்கமாட்டேன். விடுமுறையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் போகும் நீங்கள், முதல் நாளே ஒரு கேள்வி கேளுங்கள்: உனக்கு எந்தக் கை பழக்கம், தம்பி? பிறகு அலமாரியைத் திறங்கள்.