காந்தியின் வாயை அடைத்த பயம்

மீட்டிங்கில் பேசச் சொன்னதும் நெஞ்சு படபடக்கிறதா? நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற பயம் ஆளையே முடக்கிப்போடும் அளவுக்குப் போனால், அதைச் சமூகப் பதற்றம் என்கிறார்கள். காந்திக்கு இருந்தது அதுவேதானா என்று இப்போது சொல்ல முடியாது. ஆனால் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ராஜ்கோட்டில் பள்ளி மணி அடித்ததும் வீட்டுக்கு ஒரே ஓட்டம்தான். யாராவது பேச்சுக் கொடுத்து, கேலி செய்துவிட்டால்?

1888-ல் சட்டம் படிக்க லண்டன் கிளம்பியபோது, கடல் கடந்தால் சாதியைவிட்டு விலக்குவோம் என்று பம்பாயில் சாதிப் பெரியவர்கள் கூட்டம் போட்டு மிரட்டினார்கள். 18 வயதுப் பையன் தயங்காமல் பதில் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினார். விலக்கியும் வைத்தார்கள்.

அதே ஆள்தான் லண்டன் சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் ஊமையாக உட்கார்ந்திருந்தார். மற்ற எல்லோரும் தன்னைவிட விவரமானவர்கள் என்ற நினைப்பு. ஒருமுறை கருத்தை எழுதியே எடுத்துப்போனார். அதையும் வேறொருவர்தான் வாசிக்க வேண்டியிருந்தது. 1891-ல் நண்பர்களுக்குக் கொடுத்த பிரிவு விருந்தில், சிரிக்கச் சிரிக்கப் பேசத் தயாராகிப் போனவர், முதல் வாக்கியத்தோடு நின்றுவிட்டார்.

பம்பாயில் நடந்தது இன்னும் கொடுமை. முதல் வழக்கு, 30 ரூபாய் ஃபீஸ். குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வரவில்லை. உட்கார்ந்தார். வழக்கு வேறு வக்கீலுக்குப் போனது, 51 ரூபாய்க்கு.

1893-ல் ஒரு வியாபாரியின் வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா போனார். வழியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அதன்பின் பிரிட்டோரியாவில் நடந்ததுதான் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அங்கிருந்த இந்தியர்களைத் திரட்டி, வியாபாரத்தில் உண்மை பற்றிப் பேசினார். அவருடைய முதல் பொதுப்பேச்சு அது. இந்த முறை நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை. எதிரே இருந்தவர்கள் அவருக்கு மார்க் போட வந்தவர்கள் இல்லை. அவரால் ஆகவேண்டிய காரியம் அவர்களுக்கு இருந்தது. சாதிக் கூட்டத்தில் வந்த தைரியமும் கிட்டத்தட்ட இதே ரகம்தான்: போவதென்று முடிவு செய்தாயிற்று, அவர்கள் மெச்ச வேண்டிய அவசியமில்லை.

கூச்சம் அதோடு ஓடிப்போகவில்லை. புதிய கூட்டம் என்றால் பிறகும் தயங்கினார், முடிந்தபோது பேச்சைத் தவிர்த்தார். பிரிட்டோரியாவில் இன்னொன்றும் செய்தார். ஆங்கிலம் கற்றுத் தருகிறேன் என்று அந்தக் கூட்டத்திலேயே அறிவித்தார். ஒரு முடிதிருத்துபவர், ஒரு குமாஸ்தா, ஒரு சின்னக் கடைக்காரர் என மூன்று பேர் சேர்ந்தார்கள். அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்ப் பாடம் எடுத்தார். போகும் நேரத்தில் அவர்கள் வேலையில் மூழ்கியிருந்தால், பொறுமையாகக் காத்திருந்தார்.