மன்னரை வரைந்து பதக்கம்... அதே ஆட்சியில் சிறை! நாமக்கல்லில் இருக்கும் இந்த வீடு யாருடையது?

நாமக்கல் என்றாலே ஆஞ்சநேயர் கோயில், மலைக்கோட்டை, முட்டை. அதே ஊரில் ஒரு நினைவு இல்லமும் இருக்கு. நாமக்கல் கவிஞர் வெ.ராமலிங்கம் பிள்ளை வாழ்ந்த வீடு அது.

1888-ல் மோகனூரில் பிறந்தவர். அப்பா போலீஸ்காரர். மகனையும் போலீஸில் சேர்த்துவிட ஆசைப்பட்டார். மகனோ தூரிகையைப் பிடித்தார். ஆமாம், கவிஞர் முதலில் ஓவியர்தான். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைக் குடும்பத்தோடு வரைந்து, டெல்லியில் தங்கப் பதக்கமே வாங்கியிருக்கிறார்.

அந்தக் கைதான் 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கக் கிளம்பியபோது, தொண்டர்கள் பாடிக்கொண்டே நடக்கப் பாட்டு எழுதிக் கொடுத்தது. 1932-ல் ஓராண்டு சிறை. அப்போதும் ஆட்சியில் இருந்தவர் அதே ஐந்தாம் ஜார்ஜ்!

சுதந்திரம் வந்த பிறகு, 1949-ல் அரசவைக் கவிஞர் ஆனார். எம்ஜிஆர் நடித்து 1954-ல் வெளியான 'மலைக்கள்ளன்' படமும் இவர் நாவல்தான். 1971-ல் பத்மபூஷண், அடுத்த ஆண்டே மறைந்தார்.

சென்னை தலைமைச் செயலகத்தில் இருக்கிற 10 மாடிக் கட்டடத்துக்கு இவர் பெயர்தான். நாமக்கல் வீட்டில் இப்போது நூலகம் இயங்குது. கோட்டை ஏறி இறங்கியதும் ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாங்க.